கல்லூரி மாணவர்களின் வாசிப்புப் புரிதல்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பகுதிக் கல்லூரிகளில் பாடம் எடுப்பவர்களும் படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இங்கே இளங்கலை சேரும் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். ஆங்கிலப் பாடநூல் அவர்கள் கைக்கு வருவதே கல்லூரியில்தான். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர்களும் நிறைய. அவர்களை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறோம்.

தடுமாறாமல் சத்தமாக வாசிக்கிறார். அப்படியானால் புரிகிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. எழுத்தைப் பார்த்துச் சொல்லாக ஒலிப்பது ஒரு திறன். அந்தச் சொற்கள் சேர்ந்து சொல்லும் பொருளைப் பிடிப்பது வேறு திறன். பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு கணக்காகவே எழுதினார்கள்: வாசிப்புப் புரிதல் என்பது எழுத்தறியும் திறனையும் மொழி புரியும் திறனையும் பெருக்கினால் வரும் விடை. கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதுதான் இதில் முக்கியம். ஒருவர் எழுத்தறிவதில் 0.9, அந்த மொழியைப் புரிந்துகொள்வதில் 0.3 என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 0.27. நன்றாக வாசிக்கும் வாய், பின்தங்கிய புரிதலை ஈடுகட்டாது. வகுப்பில் எழுந்து நின்று கணீரென்று வாசித்த மாணவியிடம் அதே பத்தியின் சாரத்தைக் கேட்டால் விழிப்பது இதனால்தான். அவர் கவனிக்காமல் இருந்தார் என்று பொருள் இல்லை.

மாணவர்களுக்குக் கற்றல் பாணிச் சோதனை வைத்து, கண்வழி, காதுவழி, செய்முறைவழி என்று பிரித்துப் பாடம் எடுக்கலாமா?

வேண்டாம். எங்களுக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இது, அதனால் காரணத்தை விரிவாகவே சொல்கிறோம்.

இந்தப் பிரிவுகளில் பரவலானது நீல் ஃபிளெமிங், காலின் மில்ஸ் இருவரும் 1992இல் முன்வைத்த வார்க் முறை: காட்சி, கேட்டல், வாசிப்பு-எழுத்து, செயல் என்று நான்கு பிரிவு. இதைப் போலவே இன்னும் ஏராளமான பிரிவு முறைகள் இருக்கின்றன. 2004இல் ஃபிராங்க் காஃபீல்டும் குழுவினரும் பிரிட்டனில் எண்ணிப் பார்த்தபோது 71 வகை கிடைத்தது. ஒரே மாணவரை ஒரு வகைப்பாடு ஒரு பெட்டியிலும் இன்னொன்று வேறு பெட்டியிலும் போடுகிறது.

பிரிப்பதால் பயன் உண்டா என்று அறிய ஒரு வழிதான் உண்டு. கண்வழிக்காரர்களில் பாதிப் பேருக்குக் காட்சியாகவும் மீதிப் பேருக்கு ஒலியாகவும் பாடம் கொடுக்க வேண்டும். காதுவழிக்காரர்களுக்கும் அப்படியே. பிறகு எல்லோருக்கும் ஒரே தேர்வு. அவரவர் பாணிக்குப் பொருந்திய பாடம் பெற்றவர்கள் தேர்வில் மேலாக வந்தால்தான் கொள்கை நிற்கும். ஹரோல்ட் பாஷ்லரும் மூன்று பேராசிரியர்களும் 2008இல் அதுவரை வந்த ஆய்வுகளை இந்த அளவுகோலால் அளந்தார்கள். முறையாகச் செய்த ஆய்வுகளே மிகக் குறைவு, அவற்றிலும் கொள்கையைத் தாங்கும் சான்று போதவில்லை என்று முடித்தார்கள். வாசிப்புப் புரிதலிலேயே நேரடியாகச் சோதித்தவர்கள் பெத் ரொகோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும், 2015இல். பட்டம் பெற்ற பெரியவர்களுக்கு ஒரே நூற்பகுதியைச் சிலருக்கு ஒலிநூலாகவும் சிலருக்கு மின்னூலாகவும் கொடுத்தார்கள். பாணியோடு பொருந்தியது, பொருந்தாதது என்பதால் புரிதலில் வேறுபாடு தெரியவில்லை.

தீமை ஒன்றும் இல்லையே, வைத்துப் பார்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தீமை இருக்கிறது. ‘நான் காதுவழிக்காரன்’ என்று ஒரு தாளில் எழுதி வாங்கிய பையன் அதன்பின் புத்தகத்தைத் திறப்பதில்லை. வாசிப்பில் பின்தங்கியவருக்குத்தான் அதிக வாசிப்பு வேண்டும். நாமோ அவர் வாசிக்காமல் இருப்பதற்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறோம்.

அப்படியானால் படம், வீடியோ, மாதிரி எதுவும் தேவையில்லையா?

தேவைதான், எல்லோருக்கும் தேவை. எதைக் காட்டுவது என்பதைப் பாடப்பொருள் தீர்மானிக்கட்டும், மாணவரின் பாணி தீர்மானிக்க வேண்டாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் ஏறும் பல்சக்கரப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பற்பட்டைகள் அருகருகே இருக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். சக்கரத்தின் ஏதாவது ஒரு பல் எப்போதும் பிடியில் இருக்க இந்த ஏற்பாடு. இதை எழுத்தில் மட்டும் படித்தால் யாருக்குமே சிரமம். ஒரு கோட்டுப்படம் போட்டுவிட்டுப் பத்தியை வாசிக்கச் சொன்னால் வகுப்பு முழுவதும் பிடித்துக்கொள்ளும். கவிதை என்றால் காதில் விழ வேண்டும். புள்ளியியல் சூத்திரம் என்றால் கையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. படம் வாசிப்புக்கு முன்போ இடையிலோ வரட்டும், வாசிப்புக்குப் பதிலாக வர வேண்டாம்.

‘எனக்குக் கேட்டால்தான் ஏறும், படித்தால் ஏறாது’ என்று மாணவரே சொல்கிறாரே?

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது பாணியைப் பற்றிய செய்தி இல்லை, எங்கே அடைப்பு இருக்கிறது என்பதைப் பற்றிய செய்தி. இதைக் கண்டுபிடிக்க ஒரு மாணவருக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும்.

அவருடைய பாடநூலிலிருந்தே ஏறக்குறைய ஒரே கடினமுள்ள இரண்டு பத்திகளை எடுங்கள். ஒவ்வொன்றும் 200 சொல் இருக்கட்டும். முதல் பத்தியை அவர் மௌனமாக வாசிக்கட்டும், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடச் சொல்லி, என்ன சொல்லியிருக்கிறது என்று அவருக்கு வசதியான மொழியில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது பத்தியை நீங்கள் சாதாரண வேகத்தில் வாசித்துக் காட்டி, அதே போலக் கேளுங்கள்.

கேட்டது நன்றாகப் புரிந்து, வாசித்தது புரியவில்லை என்றால் எழுத்தறியும் வேகத்தில் குறை. இரண்டுமே புரியவில்லை என்றால் சொல்வளம், வாக்கிய அமைப்பு, பின்னணி அறிவு இவற்றில் குறை. அவருக்கு ஒலிப்பதிவு கொடுத்தும் பயனில்லை. இரண்டுமே புரிகிறது, தேர்வில் மட்டும் மதிப்பெண் வரவில்லை என்றால் கவனிக்க வேண்டியது எழுதும் பயிற்சி.

இந்தச் சோதனை பிழைப்பது இரண்டு இடங்களில். மற்ற மாணவர்கள் முன்னால் வைத்தால் கூச்சத்தில் தெரிந்ததையும் சொல்ல மாட்டார், தனியாக அழையுங்கள். புரிந்ததை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் அளப்பது பேச்சாற்றலை, புரிதலை அல்ல.

வேகம் குறைவு என்று தெரிந்தது. என்ன செய்வது?

ஆங்கிலம் சரளமாக வாசிக்கும் பெரியவர்கள் கட்டுரை நடையை நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொல் வேகத்தில் வாசிக்கிறார்கள் என்று மார்க் பிரிஸ்பேர்ட் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார். நம் மாணவருக்கு அது இலக்கு இல்லை. ஆனால் நிமிடத்துக்கு 70, 80 சொல் என்று ஊர்ந்தால் வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகும்.

மறுவாசிப்புப் பயிற்சி இதற்கு உதவும், ஜே சாமுவல்ஸ் 1979இல் விளக்கிய முறை. 150 சொல் பத்தி ஒன்று. முதலில் நல்ல வாசிப்பின் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே கண்ணால் வரியைத் தொடர வேண்டும். பிறகு தானே மூன்று முறை வாசித்து, ஒவ்வொரு முறையும் ஆன நேரத்தை நோட்டில் குறிக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். பத்தியை மாற்றிக்கொண்டே வாருங்கள். ஒரே பத்தியில் வேகம் கூடுவது மனப்பாடத்தாலும் இருக்கலாம், புதிய பத்தியில் முதல் வாசிப்பின் நேரம் குறைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கத்தில் எத்தனை சொல் தெரியாமல் இருந்தால் பரவாயில்லை?

உதவியில்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள 100க்கு 98 சொல் தெரிந்திருப்பது நல்லது என்பது ஹூ, நேஷன் இருவரும் 2000இல் கண்டது. ஓரளவு புரிய 95 வேண்டும் என்பது அதற்கும் முந்தைய கணக்கு. 300 சொல் உள்ள பக்கத்தில் 98 விழுக்காடு என்றால் தெரியாத சொல் 6. 95 என்றால் 15. முதலாண்டு மாணவர் பென்சிலால் வட்டமிட்டு 30 சொல் காட்டினால் அது 90 விழுக்காடு. அந்தப் பக்கத்தை அவரால் தனியாகக் கடக்க முடியாது. ‘வீட்டில் படித்துவிட்டு வா’ என்று அனுப்புவது வீண்.

முப்பதையும் அகராதியில் பார்க்கச் சொல்வதும் வீண். பத்தாவது சொல்லில் சலித்துவிடும். ஆசிரியர் முன்கூட்டியே ஆறேழு சொல்லை மட்டும் தேர்ந்து கரும்பலகையில் எழுத வேண்டும். எந்தச் சொல் இல்லாவிட்டால் பத்தியின் வாதமே உடையுமோ, அது. துறைக் கலைச்சொல்லை ஆசிரியர் எப்படியும் விளக்கிவிடுவார். யாரும் விளக்காமல் விட்டுவிடுவது எல்லாத் துறை நூல்களிலும் வரும் நடுத்தரச் சொற்கள்: அஸ்யூம், டெரைவ், கான்ஸ்டிட்யூட், சப்சிக்வென்ட் போன்றவை. ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000இல் இப்படிப்பட்ட 570 சொற்குடும்பங்களைப் பட்டியலிட்டார். உயர்கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்தப் பட்டியலில் இருக்கும். வாரம் 15 குடும்பம் என்றால் 38 வாரம், அதாவது இரண்டரை செமஸ்டர் வேலை. மூன்றாண்டுப் படிப்புக்குள் தாராளமாக முடியும்.

எல்லாச் சொல்லும் தெரிந்தும் வாக்கியம் புரிவதில்லை. ஏன்?

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கும், பெயருக்கு வரும் அடைமொழி எல்லாம் பெயருக்கு முன்னாலேயே வந்துவிடும். ஆங்கிலத்தில் அடை பெயருக்குப் பின்னால் வால் போல நீளும். அந்த வாலுக்குள் இருக்கும் வினையை மாணவர் தலைமை வினை என்று எடுத்துக்கொள்கிறார்.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘தி கிராசஸ் தட் தி வாட்டில் ஷேடட் அவுட் ஹாவ் நாட் ரிட்டர்ன்ட்.’ பெரும்பாலோர் இதை ‘புல் வாட்டிலை மறைத்தது, திரும்பவில்லை’ என்றோ ‘வாட்டில் திரும்பி வரவில்லை’ என்றோ எடுக்கிறார்கள். ‘வாட்டில் மரத்தின் நிழலால் அழிந்த புற்கள் மீண்டும் வரவில்லை’ என்பதுதான் பொருள். வரவில்லை என்ற வினைக்கு எழுவாய் வாட்டில் இல்லை, புல்.

செய்ய வேண்டியது: முதலில் தலைமை வினையைக் கண்டுபிடித்து அடிக்கோடு இடுங்கள், இங்கே ‘ஹாவ் ரிட்டர்ன்ட்’. ‘எது?’ என்று கேட்டு எழுவாயைப் பிடியுங்கள். ‘தட்’, ‘விச்’, ‘ஹூ’ தொடங்கும் இடத்திலிருந்து தலைமை வினை வரும் வரை உள்ளதை அடைப்புக்குள் போடுங்கள். அடைப்பை விட்டுவிட்டு ஒருமுறை வாசியுங்கள்: புற்கள் வரவில்லை. பிறகு அடைப்பைத் திறந்து, எந்தப் புற்கள் என்று சேருங்கள். நாளுக்கு மூன்று வாக்கியம் போதும். நீண்ட வாக்கியங்களைத் தேடிப் பிடியுங்கள், சின்ன வாக்கியத்தில் இந்தப் பயிற்சி பலன் தராது.

ஆசிரியர் வரிவரியாக வாசித்து, தமிழில் விளக்கி, நோட்ஸ் கொடுக்கிறார். இதில் என்ன தவறு?

பாடம் முடிகிறது, இன்டர்னலில் பாஸ் ஆகிறார்கள், யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் அந்த ஐம்பது நிமிடத்தில் வாசித்தவர் ஒருவர்தான், ஆசிரியர். சொல்லைத் தேடியதும் வாக்கியத்தைப் பிரித்ததும் முக்கியமானதைத் தேர்ந்ததும் அவரே. மாணவருக்குப் போய்ச் சேர்வது அவருடைய முடிவு மட்டும். மூன்றாண்டு இப்படிப் போனால், வேலைத் தேர்வின் வினாத்தாளில் முன்பின் பார்க்காத ஒரு பத்தியைத் தனியாகச் சந்திக்கும் நாளில் கை நடுங்கும்.

விளக்கவே கூடாது என்று சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள். பத்தியை மாணவர் மூன்று நிமிடம் மௌனமாக வாசிக்கட்டும், எங்கே தடுக்கிறதோ அங்கே பென்சிலால் குறிக்கட்டும். குறித்த இடத்தை மட்டும் விளக்குங்கள். நோட்ஸை நீங்கள் சொல்லி அவர்கள் எழுதுவதற்குப் பதில், அவர்கள் மூன்று வரி எழுதி நீங்கள் திருத்துங்கள். முதல் மாதம் பாடம் மெதுவாகத்தான் போகும். அதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

குழு முறைகளில் எது வாசிப்புப் புரிதலுக்கு உண்மையில் உதவுகிறது? அறுபது பேர் வகுப்பில் நடக்குமா?

நாங்கள் முதலில் சொல்வது பரிமாற்றக் கற்பித்தல். ஆன்மேரி பாலின்சார், ஆன் பிரவுன் இருவரும் 1984இல் பள்ளி மாணவர்களுக்காக உருவாக்கியது, கல்லூரிக்கும் நன்றாகப் பொருந்துகிறது. நான்கு வேலைகள்: சுருக்குவது, கேள்வி கேட்பது, தெளிவுபடுத்துவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது.

நால்வர் ஒரு குழு. பெஞ்சை நகர்த்த வேண்டியதில்லை, முன்பெஞ்சில் இருவர் திரும்பி உட்கார்ந்து பின்பெஞ்சு இருவரோடு சேர்ந்தால் போதும். நான்கு பத்தி, மொத்தம் 350 முதல் 400 சொல் உள்ள பகுதி. முதல் 5 நிமிடம் ஆசிரியர் தலைப்பையும் முக்கியச் சொற்களையும் அறிமுகம் செய்கிறார். ஒவ்வொரு பத்திக்கும் 8 நிமிடம், ஆக 32. அதற்குள் மௌன வாசிப்பு 2 நிமிடம், மீதி பேச்சு. ஒவ்வொரு பத்திக்கும் வேலை கைமாறும், நான்கு பத்தி முடியும்போது எல்லோரும் எல்லா வேலையும் செய்திருப்பார்கள். அடுத்த 8 நிமிடம் வகுப்பு முழுவதற்குமான கேள்விகள். கடைசி 5 நிமிடம் புத்தகத்தை மூடி, ஒவ்வொருவரும் தனியாக மூன்று வரி எழுதித் தர வேண்டும். இந்தக் கடைசி ஐந்து நிமிடத்தை ஒருபோதும் விடாதீர்கள். குழுவுக்குள் ஒளிந்துகொண்டவர் யார் என்பது இங்கேதான் தெரியும்.

எங்கே கெடுகிறது என்றும் சொல்லிவிடுகிறோம். முதல் நாளே மாணவர் கையில் கொடுத்தால் கெடும். குறைந்தது நான்கு வகுப்புகளில் ஆசிரியரே நான்கு வேலையையும் வாய்விட்டுச் செய்துகாட்ட வேண்டும், ‘இந்த இடத்தில் எனக்குத் தடுக்கிறது, இரண்டு வரி மேலே போய்ப் பார்க்கிறேன்’ என்று. தெளிவுபடுத்துபவர் ‘எங்களுக்கு டவுட் இல்லை’ என்று முடித்துவிடுவார். ஒரு இடமாவது கொண்டுவர வேண்டும் என்று விதி வையுங்கள். கேள்விகள் எல்லாம் ‘என்றால் என்ன’ வகையாகவே வந்தால், பத்தியில் ஒரே வரியில் விடை கிடைக்காத கேள்வி ஒன்று கட்டாயம் என்று சொல்லுங்கள்.

அப்படிப்பட்ட கேள்விக்கு ஒரு உதாரணம் தர முடியுமா?

இந்தப் பத்தியை எடுத்துக்கொள்வோம்:

‘நீலகிரி உச்சிகளில் சோலைக்காடு மலைமடிப்புகளிலும் புல்வெளி திறந்த சரிவுகளிலும் அமைந்திருக்கிறது. உறைபனி இரவுகளில் சரிவின் தரைமட்டம் உறைநிலைக்குக் கீழே குளிர்வதால் சோலை மரக்கன்றுகள் அங்கே பிழைப்பது அரிது. இருப்பினும், ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வாட்டில் அதே சரிவுகளில் பரவியிருக்கிறது.’

‘புல்வெளி எங்கே அமைந்திருக்கிறது?’ என்பது புரிதல் கேள்வி இல்லை. புரியாமலே ‘திறந்த சரிவுகளில்’ என்று பார்த்து எழுதிவிடலாம். ‘வாட்டில் கன்றைப் பற்றி இந்தப் பத்தி சொல்லாமல் சொல்வது என்ன?’ என்று கேளுங்கள். சோலைக் கன்று தாங்காத குளிரை வாட்டில் கன்று தாங்குகிறது என்ற விடை எந்த வரியிலும் எழுதப்படவில்லை. ‘இருப்பினும்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்தவருக்குத்தான் அது கிடைக்கும். தேர்வு வினாத்தாளில் இப்படி இரண்டு கேள்வி சேர்த்தாலே மாணவர் படிக்கும் விதம் மாறும். கைடில் விடை இருக்கும் கேள்வியையே கேட்டுக்கொண்டு, ஏன் கைடு மட்டும் படிக்கிறாய் என்று கோபிப்பதில் நியாயம் இல்லை.

நன்றாக வாசிக்கும் மாணவர்கூடச் சில பாடங்களில் அப்படியே நின்றுவிடுகிறார். ஏன்?

பின்னணி அறிவு இல்லாததால். அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி 1988இல் செய்த ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தியை 64 பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், வாசிப்பில் சிறந்திருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அறிவு எப்போது வர வேண்டும் என்பதும் முக்கியம். பிரான்ஸ்ஃபர்ட், ஜான்சன் 1972இல் துணி துவைப்பதைப் பற்றி ஒரு பத்தியைத் தலைப்பில்லாமல் மூடுமந்திரமாக எழுதிக் கொடுத்தார்கள். தலைப்பை முன்னால் கேட்டவர்களுக்குப் புரிந்தது. படித்து முடித்தபின் தலைப்பைச் சொன்னபோது பயன்படவில்லை.

கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு விலை நிர்ணயம், ஏலம், இடைத்தரகு எல்லாம் வாழ்க்கையிலேயே தெரியும். பொருளியல் நூலில் பங்குச்சந்தை உதாரணம் வந்தால் அவர் தடுமாறுகிறார். பச்சைத்தேயிலை விலையிலிருந்து தொடங்கி, பிறகு நூலின் உதாரணத்துக்குப் போங்கள். ஐந்து நிமிடம், வாசிப்புக்கு முன்னால்.

வீட்டில் படுகு, மலையாளம், கன்னடம், பணியர் மொழி பேசும் மாணவர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் எந்த மொழியில் பேச விடுவது?

நூல் எந்த மொழியில் இருந்தாலும், அதைப் பற்றிய பேச்சு அவர்கள் சிந்திக்கும் மொழியில் நடக்கட்டும். சுருக்குவது, ஊகிப்பது, ஐயப்படுவது ஆகியவை ஒரு மொழியில் கைவந்தால் மற்ற மொழிக்கும் செல்லும் என்பது ஜிம் கம்மின்ஸ் 1979இலிருந்து வலியுறுத்தி வரும் கருத்து. படுகு மொழிக்குப் பரவலாகப் புழங்கும் தனி எழுத்து இல்லாததால், படுகர் வீட்டுப் பிள்ளை வாசிக்கக் கற்றதே இரண்டாவது மொழியில்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஒரே வகுப்பில் நான்கைந்து வீட்டு மொழிகள் இருக்கும். அங்கே பேச்சு தமிழில் இருந்தாலும் ஒரே மொழிக்காரர் இருவரை ஒரு குழுவில் சேர்த்து வையுங்கள். இறுதியில் எழுதுவது மட்டும் தேர்வு மொழியில் இருக்கட்டும்.

தமிழ் இலக்கியம், வரலாறு படிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லைதானே?

இருக்கிறது. பேச்சுத் தமிழுக்கும் நூல்தமிழுக்கும் உள்ள இடைவெளி பெரிது. ‘நிலவுடைமையமைப்பின் சிதைவினாலேற்பட்ட இடப்பெயர்வு’ என்று ஒரு தொடர் வந்தால் கண் வழுக்கிப் போய்விடும். புணர்ச்சியைப் பிரித்து, பெயராக மாறிய வினையைத் திரும்ப வினையாக்கச் சொல்லுங்கள்: நிலவுடைமை அமைப்பு சிதைந்தது, அதனால் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். யார், என்ன செய்தார், எதனால் என்ற மூன்றும் வெளியே வந்துவிடும்.

ஹைலைட்டர் போட்டு நாலைந்து முறை படிக்கிறேன். தேர்வறையில் மறந்துவிடுகிறது.

திரும்பத் திரும்பப் படிக்கும்போது எழுத்து பழக்கமாகிறது. அந்தப் பழக்கத்தைப் புரிதல் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ரோடிகர், கார்பிக்கி 2006இல் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். நான்கு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். ஒரு முறை படித்து மூன்று முறை நூலைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முதல் குழு 40, இரண்டாவது குழு 61.

ஆகவே ஒரு பகுதியைப் படித்ததும் மூடுங்கள், வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள், புத்தகத்தைத் திறந்து பார்த்து, விடுபட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாளும் நான்கு நாள் கழித்தும் அப்படியே. மஞ்சூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ பஸ்ஸில் வந்துபோகிறவர்கள் வளைவுகளில் புத்தகம் படிக்க முயல வேண்டாம், தலைசுற்றல்தான் மிஞ்சும். நேற்றுப் படித்ததைப் பக்கத்து சீட்டுத் தோழிக்குச் சொல்லிப் பாருங்கள், அதுவும் இதே பயிற்சிதான். அடிக்கோடு போட வேண்டுமென்றால் இரண்டாம் வாசிப்பில் போடுங்கள், பத்திக்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம். முதல் வாசிப்பில் எது முக்கியம் என்று தெரியாது, எல்லாமே மஞ்சளாகிவிடும்.

போனில் பிடிஎஃப் படிப்பது போதுமா?

கதை என்றால் போதும். பாடநூல் என்றால் தாள் நல்லது. பாப்லோ டெல்காடோவும் குழுவினரும் 2018இல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தகவல் நூல்களிலும் நேரக் கட்டுப்பாடு உள்ளபோதும் திரையில் படித்தவர்கள் பின்தங்கினார்கள். முழு நூலையும் ஜெராக்ஸ் எடுக்கக் காசு ஆகும். அந்த வாரம் ஆழ்ந்து வாசிக்க வேண்டிய நான்கு பக்கத்தை மட்டும் எடுங்கள், மீதியைப் போனில் மேலோட்டமாகப் பார்க்கலாம்.

மொழிபெயர்ப்புச் செயலியைப் பயன்படுத்தலாமா?

முதலில் நீங்கள் வாசித்து, ஒரு வரியில் உங்கள் ஊகத்தை எழுதிவிட்டு, பிறகு சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். முதலிலேயே பத்தியை அதில் போட்டால் வாசிப்பு நடக்கவே இல்லை.

இவ்வளவும் செய்தும் ஒரு மாணவர் மட்டும் முன்னேறவில்லை.

முதலில் கண் பரிசோதனை. புத்தகத்தை மிக அருகில் பிடிப்பது, வரி தவறிப் போவது, அரை மணி நேரத்தில் தலைவலி என்று சொல்வது எல்லாம் அறிகுறிகள். பள்ளியில் யாரும் கவனிக்காமல் கல்லூரி வரை வந்துவிடுபவர்கள் உண்டு.

கண் சரியாக இருந்து, தமிழிலும் எழுத்துகள் இடம்மாறி, எளிய சொல்லையே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூட்டி வாசிக்கிறார் என்றால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உரிய மருத்துவச் சான்று இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வழி உண்டு. மதிப்பீட்டுக்கும் சான்றுக்கும் பல முறை அலைய வேண்டியிருக்கும். செமஸ்டர் தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திராமல், சந்தேகம் வந்த வாரமே பெற்றோரிடம் பேசி அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள், கூடவே துறை ஆசிரியர் ஒருவரும் போனால் நல்லது.